பியோனிக்குப் போட்ட போர்வை

நோர்வேயில், புருசெத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் பியோனிப் பூச்செடி நாலு வருடமாகப் பூக்கவில்லை. இலை மட்டும் செழிப்பாக வரும்.

பக்கத்து வீட்டு நோர்வேப் பெண்மணி பெரிட்டின் பியோனியில் இன்று காலை பதினொரு பூ. எண்ணிப் பார்த்தேன்.

பொறாமை தாங்காமல் அவரைக் கூப்பிட்டு எங்களுடையதைக் காட்டினேன்.

அவர் செடியின் அடியில் விரலை விட்டார். கிழங்கின் முளையைக் காணவில்லை. மணிக்கட்டு வரை கை போன பிறகுதான் முளை அகப்பட்டது.

"இது இரண்டு விரல் ஆழத்தில் இருக்க வேண்டியது. யார் இப்படிப் புதைத்தது?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற என் கணவர் நோர்வே மொழியில் சொல்ல வெட்கப்பட்டு என்னிடம் தமிழில் சொன்னார்.

"நான்தான். குளிருமெண்டு ஆழமா வைச்சனான். ஒவ்வொரு ஒக்டோபரிலையும் மேலை இன்னும் கொஞ்ச மண் போட்டு, பழைய கம்பளியாலையும் மூடிவிடுறனான்."

பனி மூடிவிடுவதால் நாலு வருடமாக இது எனக்கே தெரியாது. மொழிபெயர்த்தேன்.

பெரிட் சிரிக்கவில்லை. "பியோனிக்குக் குளிர் வேண்டும். நன்றாகக் குளிர்ந்தால்தான் மொட்டு வரும். செப்டெம்பரில் கிளப்பி மேலே நடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் செடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முப்பது வருசமா இந்தக் குளிரைத் திட்டுறன். அதுதான் வேணுமெண்டு நிக்கிற சீவனும் இருக்குதே."

விளங்கிவிட்டது என்று நினைத்தேன். இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வந்து கேட்கிறார்:

"அப்ப, மாத்தி நட்ட முதல் வருசம் மட்டும் மூடுவமோ?"

யாராவது கீழே பதில் எழுதுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார்.