கலாராணி கங்காணியின் மூன்று கேள்விகள்

பெரகல சந்தியில் ரிப்கானின் கடைக்குச் சீனி வாங்கப் போன மாடசாமிதான் அந்தக் கதையை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ரிப்கானுக்குச் சொன்னது கொஸ்லந்த பஸ் கண்டக்டர். கண்டக்டருக்குச் சொன்னது யாரென்று யாருக்கும் தெரியாது. தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் ஒரு பொம்பளைக் கங்காணி இருக்கிறாளாம், நைசாகப் பேசி வாயைப் பிடுங்கி, உடம்புக்கு முடியாதவர்களின் பேரையெல்லாம் கொழும்புக்கு எழுதிப் போடுகிறாளாம். அந்தக் கங்காணி மாடசாமியின் பெண்சாதி என்பது ரிப்கானுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை. கலாராணி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மாடசாமி சொன்னதைக் கேட்டுவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். முழுப் பொய்யாக இருந்தால் அந்த நிமிடமே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்திக்கு இறங்கியிருப்பாள். எழுதியது உண்மை. எதற்கு எழுதினாள் என்பதுதான் பொய். அதை எந்தக் கடையில் போய் விளக்குவது?

நாற்பத்துமூன்று வயது அவளுக்கு. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஒரே லயத்து வரிசை வீட்டில், நடுவில் ஐந்து காம்பரா தூரம். பதினெட்டில் கொழுந்துக் கூடை மாட்டியவள் மூன்று வருசத்துக்கு முன்னால் கங்காணி ஆனாள். படிப்பாலோ சங்கத்துத் தலைவரின் சிபாரிசாலோ அல்ல, தொண்டையால். இந்த மலையில் நின்று அவள் ஒரு சத்தம் போட்டால் எதிர்மலையில் புல் வெட்டுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான்.

அந்தத் தொண்டைக்கு ஒரு வேலை இருந்தது. யாராவது முற்றல் இலை பறித்திருந்தால், கொழுந்து குறைந்திருந்தால், சின்னதுரையின் மோட்டார் சைக்கிள் வளைவில் கேட்டதுமே கலாராணி ஆரம்பித்துவிடுவாள். கண்ணு அவிஞ்சுபோச்சா, கை சூம்பிப்போச்சா, ஒங்கப்பன் வந்து பறிப்பானா என்று மலையே அதிரும். சின்னதுரை அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவார். கங்காணியே இவ்வளவு கிழித்த பிறகு அவர் என்ன கிழிக்க? திட்டு வாங்கியவளுக்கு அன்று முழுப் பேர் விழும், முழுநாள் சம்பளம். பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்காரும்போது கலாராணி அவளுக்கு ஒரு வெற்றிலையை மடித்து நீட்டுவாள். அவளும் வாங்கிப் போட்டுக்கொள்வாள். அத்தோடு சரி. தாளில் ஒரு எழுத்து ஏறாது.

போன ஆடியில் இதற்கு முடிவு வந்தது. கங்காணிமார் பதினாலு பேரை லொறியில் ஏற்றி அப்புத்தளைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மண்டபத்தில் கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தன. கம்பனியின் கொழும்புக் கந்தோரிலிருந்து யசோதினி என்றொரு பெண் வந்திருந்தாள். இனி வேலை இடத்தில் திட்டு இல்லை, கோச்சிங்தான் என்றாள். மனுசரை அதட்டக்கூடாது, கேட்கவேண்டும். என்ன நடக்குது? எது தடையா இருக்கு? நான் என்ன செஞ்சா உங்களுக்கு லேசாகும்? இந்த மூன்றுதான் கேள்வி. கேட்டதை ஒரு படிவத்தில் எழுதி வெள்ளிக்கிழமை தோறும் கொடுக்கவேண்டும்.

பழக்கிக் காட்டுவதற்காக யசோதினி கலாராணிக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு அந்த மூன்றையும் அவளிடமே கேட்டாள். மூன்றாவது கேள்வியில் கலாராணி சேலைத் தலைப்பைத் தேடினாள். இருபத்தைந்து வருசத்தில் அப்பனோ புருசனோ துரையோ அதைக் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இங்கே குளிர் கூட என்றாள். போகும்போது யசோதினி தன் நம்பரைக் கையில் எழுதிக் கொடுத்தாள். "எப்ப வேணும்னாலும் எடுங்கக்கா. கேக்குறதுக்குத்தானே நான் இருக்கேன்."

கலாராணி நம்பினாள். அதுதான் அவள் செய்த முதல் பிழை.

மறுநாள் மலையில் மீனாம்பாளிடம் போய், வாங்க, கொஞ்சம் பேசலாமா என்று கேட்டாள். மீனாம்பாள் அவளோடு ஒன்றாகக் கூடை மாட்டியவள். கொழுந்திலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்: "என்னடி, நான் செத்துக்கித்துப் போயிட்டேனா? மரியாதையெல்லாம் பலமா இருக்கு."

நிரை முழுக்கச் சிரித்தது. நல்ல சிரிப்பு இல்லை. அதன் பிறகு அவள் தலை தெரிந்தாலே, கோச்சிங்கை ரயிலாக்கி, பதுளைக் கோச்சி வருது, தண்டவாளத்த விட்டு எறங்குங்கடி என்று ஒரு குரல் வரும், பேச்சு நின்றுவிடும். பக்கத்தில் குந்தி அந்த மூன்று கேள்வியைக் கேட்டால் ஆளுக்கு ஆள் ஒரே பதில்: "ஒன்னும் இல்லீங்க, கங்காணியம்மா." அந்த 'அம்மா'வில் காறித் துப்பும் சத்தம் இருந்தது.

ரெங்கம்மா ஒருத்திதான் பதில் சொன்னாள். கலாராணிக்குச் சின்னம்மா முறை. வயது ஐம்பத்தாறு, தனிக்கட்டை. மலைக்குப் போவதைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடமும் இல்லை, வேறு பேச்சும் இல்லை. சித்திரையிலிருந்து வலது தோள் தூக்க முடியவில்லை என்றாள். அப்போ எப்படிச் சின்னம்மா நிறுவை சரியா வருது என்று கலாராணி கேட்டாள். இரண்டு பக்கத்து நிரையிலிருந்தும் மீனாம்பாளும் துஷாந்தியும் போகிற போக்கில் ஆளுக்கு ஒரு பிடி தன் கூடையில் போட்டுவிடுகிறார்கள் என்றாள் ரெங்கம்மா. இந்த மலையில் பிள்ளைத்தாய்ச்சிக்கும் காய்ச்சல்காரிக்கும் எப்போதும் நடப்பதுதான். கலாராணி தானே எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறாள்.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: உங்கள் குழுவின் பலம் என்ன? மற்ற வாரமெல்லாம் அதை வெறுமையாக விட்டவள் அந்த வாரம் நிறைத்தாள். அழகான கையெழுத்தில், ஒரு பிழை இல்லாமல். ரெங்கம்மாவுக்குத் தோள் முடியாததையும், மீனாம்பாளும் துஷாந்தியும் தினமும் தங்கள் கொழுந்தில் பிடி பிடியாகக் கொடுத்து அவள் நிறுவையைச் சரிக்கட்டுவதையும், இப்படியொரு ஒற்றுமை வேறு டிவிசனில் இல்லை என்பதையும் எழுதினாள். யசோதினி படித்துச் சந்தோசப்படுவாள் என்று நினைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று கடிதம் வந்தது. நிறுவையில் மோசடி என்று மீனாம்பாளுக்கும் துஷாந்திக்கும் எச்சரிக்கை. உடல் தகுதி இல்லாததால் திங்கட்கிழமையோடு ரெங்கம்மாவை வேலையிலிருந்து ஓய்வில் அனுப்புவதாக மூன்றாவது.

கலாராணி கந்தோருக்கு ஓடினாள். சின்னதுரை விஜேந்திரன் பதுளையில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. உட்காரச் சொன்னார், குரலை உயர்த்தவே இல்லை. என்ன நடந்தது என்று கேட்டார். எது தடையாக இருக்கிறது என்று கேட்டார். இரண்டும் கலாராணி மலையில் கேட்டுத் திரிந்த கேள்விகள். மூன்றாவதை அவர் கேட்கவில்லை.

"நீங்க எழுதினதுதானே கங்காணி? நான் ஒண்ணும் சேக்கல. படிவம் கொழும்புக்குப் போயிருச்சு. நீங்க தெரியாம எழுதிட்டீங்கன்னு யசோதினி மிஸ் ஒரு வார்த்த சொன்னா நிப்பாட்டலாம். திங்கக்கிழம எட்டு மணிக்குள்ள."

வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளும் கலாராணி அந்த நம்பரை எடுத்தாள். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மாடசாமி சந்தியிலிருந்து கதையைக் கொண்டுவந்தது இதற்கு நடுவில்தான்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிட நின்றபோது மூடுபனி விலகவில்லை. பெண்கள் அரைவட்டமாக நின்றார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. துஷாந்தி மட்டும் பார்த்தாள், பார்த்துவிட்டு அவள் காலடியில் துப்பினாள். சின்னதுரை மோட்டார் சைக்கிளில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழே முக்கால்.

ரெங்கம்மா வந்தாள். இடுப்பில் படங்குத் துணியைக் கட்டி, கூடையை மாட்டி, மற்ற நாளைப் போலவே வந்து வரிசையில் நின்றாள். கலாராணி அவள் பேரைக் கூப்பிடவில்லை. கடிதம் கிடைக்கலையா சின்னம்மா என்று மெல்லக் கேட்டாள்.

"கெடச்சுது. அதுக்கென்ன?" ரெங்கம்மா இன்னும் கிட்ட வந்தாள். "தொர நிக்கிறாரு பாரு. நல்லா நாலு திட்டு திட்டு. நாறப் பொணமேன்னு திட்டு. அவரு சிரிச்சுட்டுப் போயிருவாரு. நான் மலைக்குப் போறேன்."

கலாராணி வாயைத் திறந்தாள். எதிர்மலை வரைக்கும் போகும் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. எதைத் திட்ட? திட்டினால் அழிகிற மாதிரியா எழுதி வைத்திருக்கிறாள்?

"எங்க, அந்தக் கொழும்புக்காரிய எடு பாப்போம்," என்றாள் மீனாம்பாள் பின்னாலிருந்து. "அவதான் கேப்பாளே. சத்தமாப் போடு, நாங்களும் கேக்குறோம்."

கலாராணி போனை எடுத்து நம்பரை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தாள். சின்னதுரை மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ரெங்கம்மா சரிந்த கூடைக் கயிற்றை இடது கையால் நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள். நாற்பது பெண்களும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் மணி அடித்தது. ஒரு தரம், இன்னொரு தரம், இன்னும்.