இலங்கை டிவியில் எங்கள் ஊர்க் கேள்வி

காற்றில் காய்ந்த பனையோலை சலசலக்குமே, அது மாதிரி ஒரு இரைச்சல்தான் முதலில் வரும். பிறகு பெட்டி முழுக்க வெள்ளைப் புள்ளி, எறும்புக் கூட்டத்தைக் கிளறிவிட்டாற்போல. அந்தப் புள்ளிகளுக்கு நடுவிலிருந்து, கழுத்தில் டை கட்டிய ஒரு மனிதர் கொஞ்சங் கொஞ்சமாகத் தேறி வந்து, "வணக்கம் நேயர்களே" என்பார். அவர் தலை இரண்டாகத் தெரியும். "திருப்புலே, இன்னும் கெழக்கே திருப்பு" என்று முற்றத்திலிருந்து சத்தம் போடுவார்கள். மொட்டை மாடியில் ஆண்டெனாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் திருப்பத் திருப்ப, இரண்டு தலையும் ஒன்றாகும். "ஆங், நில்லு, அப்பிடியே நில்லு!" அதோடு தெருவே வாயை மூடிக்கொள்ளும்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்கு டிவி வந்த புதிது அது. வைத்திருந்தது எலுமிச்சங்காய் வாங்கி விற்கிற கமிஷன்கடை அண்ணாச்சி. புளியங்குடியிலிருந்து வந்த சாக்குகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்தப் புளிப்பு வாசத்துக்குள்ளேயே நாங்கள் சம்மணம் போட்டு உட்காருவோம். மெட்ராஸ் எங்களுக்கு எட்டாது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இலங்கை எட்டும். அதனால் எங்களுக்கு டிவி என்றால் இலங்கை டிவிதான்.

அதில் வாரத்துக்கு ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், தமிழில் ஒரு கேள்வி பதில் போட்டி வரும். டை கட்டியவர் ஒரு பொருளையோ ஊரையோ மனதில் வைத்துக்கொண்டு, அது இன்னதென்று கண்டுபிடிக்க ஒன்றன் பின் ஒன்றாக மூன்று "குறிப்பு" கொடுப்பார். முதல் குறிப்பிலேயே சொல்லிவிட்டால் மார்க்கு அதிகம். எதிரில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், பின்னால் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் இருக்கும். எங்கள் தெருக்காரர்கள் தங்களை ஐந்தாவது ஆளாகவே நினைத்துக்கொண்டார்கள்.

"பறவை, ஆனா பறக்காது. இதாம்வே குறிப்பு" என்பார் மளிகைக்கடை தேவசகாயம் அண்ணாச்சி.

"கோழிவே. எங்க வீட்டுக் கோழி கூரை மேலயே ஏற மாட்டேங்கு" என்பார் டெய்லர் சுப்பையா அண்ணாச்சி.

"வாரா வாரம் ஒண்ணை அறுத்துக் கொழம்பு வச்சா, மிச்சம் இருக்கது பயத்துல எங்கவே ஏறும்?"

மூன்றாவது குறிப்பாக, முட்டையைக் காலின் மேல் வைத்து ஆண் பறவை அடைகாக்கும் என்று டிவிக்காரர் சொன்னார். பெண்கள் பக்கத்திலிருந்து செல்லத்தாய் மதினி சத்தமாகச் சொன்னாள்: "அப்ப அது நம்ம தெருப் பறவை இல்ல!" அந்தச் சிரிப்பில் விடையே காதில் விழவில்லை.

காதில் விழாமல் போவது எங்களுக்குப் பழக்கம். சரியான நேரம் பார்த்துப் படம் போய்விடும், கடல் பக்கம் மழை என்றால் சத்தமும் போய்விடும். விடை தெரியாத கேள்வியை மறுநாள் காலையில் சுப்பையா அண்ணாச்சி துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் தன் கடைச் சுவரில் எழுதி வைப்பார். பட்டன் தைக்க வந்தவன், பஸ்ஸுக்கு நிற்கிறவன் எல்லாரும் அதற்குச் சண்டை போடுவார்கள். யாராவது ஒரு வாத்தியாரிடம் கேட்டு வந்து உறுதிப்படுத்திய பிறகுதான் சுவரைத் துடைப்பார். எங்கள் தெருவில் சரசுவதி குடியிருந்தது அந்தச் சுவரில்தான் என்று சொன்னால் தப்பில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தாவணி போட ஆரம்பித்த வருஷம். ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. பெண்கள் பக்கத்தில் கதவை ஒட்டி உட்கார்ந்து, தெரிந்த விடையை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வேன். அது செல்லத்தாய் மதினி ஒருத்திக்குத்தான் கேட்கும். "ஏட்டி, சரியாத்தான சொல்லுத. அதை ஏன் மாத்திரை மாதிரி முழுங்குத?" என்று இடுப்பில் கிள்ளுவாள்.

மதினிக்கு அப்போது இருபது வயது இருந்தால் அதிகம். அவள் புருஷன் ஆறுமுகம் அண்ணன் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். பொங்கலுக்கு வந்துவிட்டு, எங்கள் கோயில் திருவிழாவான ஆடித் தபசுக்கு மறுபடியும் வருகிறேன் என்று சொல்லிக் கப்பலேறியவர். அவர் போன பிறகுதான் மதினி முழுகாமல் இருப்பது தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வாரம் இந்தக் கேள்வி வந்தது. "ஒரே உருவம், இரண்டு தெய்வம்" என்றார் டை கட்டியவர். எங்கள் முற்றத்தில் ஒரு நெளிவு ஓடியது. "வலப்பக்கம் பாம்பு, இடப்பக்கம் சங்கு." அவ்வளவுதான், தெருவே எழுந்துவிட்டது. "நம்ம சங்கரநாராயணர்லே! நம்ம ஊருலே!" என்று கூச்சல். சுப்பையா அண்ணாச்சி துள்ளிய துள்ளலில் ஆண்டெனாப் பூஸ்டரின் ஒயர் காலில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டது. அதைத் திரும்பச் சொருகிப் படம் வருவதற்குள், "சபையிலிருந்து சரியான விடை சொன்ன அன்பருக்கு நன்றி" என்று அவர் சொல்லி முடித்துவிட்டார். எதிரில் இருந்த நாலு பேருக்கும் விடை தெரியவில்லை, வேடிக்கை பார்க்கிற கூட்டத்திலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் டெய்லர் கடைச் சுவரில் கேள்வி ஏறியது: "நம்ம ஊர் விடையைச் சொன்னது யார்?"

அதற்கு எந்த வாத்தியாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அது சுவரிலேயே கிடந்தது.

கொஞ்ச நாள் கழித்துக் கொழும்பிலிருந்து வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மதினி வீட்டுக்கு வந்தார். "ஒம் மாப்பிள்ளை டிவி நிலையத்துக்கெல்லாம் போறாம்மா. மொதலாளி மகன் கூட்டிட்டுப் போறானாம். அங்கன உக்காந்து கைதட்டுதானாம். விடாமப் பாரு, மூஞ்சி தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து மதினி முன்வரிசைக்கு வந்துவிட்டாள். என்னையும் கூட இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். எல்லாரும் குறிப்பைக் கேட்பார்கள், அவள் மட்டும் பின்னால் இருக்கிற கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடுவாள்.

ஆடி மாதம் பிறந்தது. அந்த மாதம்தான் இலங்கையில் கலவரம் வந்தது. தமிழர் கடைகளுக்குத் தீ வைக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். போட்டி வருகிற நேரத்தில் டிவியில் வேறு என்னவோ காட்டினார்கள். ஊர் நிறையத் தபசுக் கூட்டம், ரத வீதிகளில் நிற்க இடம் இல்லை. மதினி அந்த வயிற்றோடு பஸ் ஸ்டாண்டுக்கும் ரயிலடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஆறுமுகம் அண்ணன் வரவில்லை. தப்பி வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்: கடை எரிந்துவிட்டது, மாடியில் படுத்திருந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாது.

மதினியின் மாமனார் ஒரு நாள் எல்லாரையும் வைத்துக்கொண்டு, "இனி எதைப் பாத்துக்கிட்டு இருக்க? காரியத்தைப் பண்ணிருவோம்" என்றார். மதினி தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எம் பிள்ளை வயித்துல அசையுது மாமா. அதுகிட்டப் போய் நீங்களே சொல்லிருங்க, பாப்போம்" என்றாள். அவர் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்.

சில வாரம் கழித்து, ஒரு சாயங்காலம், டை கட்டியவர் மறுபடியும் வந்தார். அவர் உயிரோடு இருக்கிறாரே என்று எங்கள் தெருப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அன்று காற்று இல்லை, படம் கண்ணாடி மாதிரி இருந்தது. காமிரா பின்னால் இருந்த கூட்டத்தின் மேல் மெதுவாகப் போனது. மூன்றாவது வரிசையில், கட்டம் போட்ட சட்டையில், ஆறுமுகம் அண்ணன்.

"இந்தா இருக்காவ!" மதினி எழுந்து போய் டிவிப் பெட்டியைக் கையால் தொட்டாள். "இந்தா இருக்காவ, இந்தா இருக்காவ, எல்லாரும் பாருங்க!" மாமனாரைக் கூட்டிவர ஆள் ஓடியது. தேவசகாயம் அண்ணாச்சி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். கமிஷன்கடை அண்ணாச்சி வீட்டு அம்மா சீனி டப்பாவை எடுத்து வந்து எல்லார் வாயிலும் போட்டாள். சிரிப்பும் அழுகையுமாக மதினி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கலவரம் முடிந்து, ஆள் சுகமாக உட்கார்ந்து போட்டி பார்க்கிறார் என்றுதான் எங்கள் எல்லாருக்கும் தோன்றியது. பெட்டியில் தெரிவது அந்த நேரத்தில் அங்கே நடப்பது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த டிவி. பிடித்து வைத்திருந்து பிறகு போடுவார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னது?

போட்டி தொடங்கியது. முதல் கேள்விக்கு முதல் குறிப்பிலேயே எங்கள் முற்றம் மொத்தமும் விடை சொன்னது. சரி. இரண்டாவதுக்கும் அப்படியே. "என்னவே, இன்னைக்கு எல்லாருக்கும் மூளை இப்பிடி வேலை செய்யுது!" என்று ஒருவர் சிரித்தார். தேவசகாயம் அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவர் முகம் ஒரு மாதிரியாகப் போவதை நான் பார்த்தேன்.

"ஒரே உருவம், இரண்டு தெய்வம்" என்றார் டை கட்டியவர்.

யாரும் துள்ளவில்லை. "வலப்பக்கம் பாம்பு, இடப்பக்கம் சங்கு." சீனி வாயில் கரைந்துகொண்டிருந்தது. எதிரில் இருந்த நாலு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள், அன்றைக்கும் அப்படித்தான் பிதுக்கியிருப்பார்கள். மதினி என் காதோடு கேட்டாள்: "ஏட்டி, இது அன்னைக்கே போட்டதுல்லா?"

தெரிந்த விடையை மாத்திரை மாதிரி முழுங்கினேன். அன்று மட்டும் கூச்சம் காரணமில்லை.

"சபையில் யாருக்காவது தெரியுமா?" என்றார் அவர். கட்டம் போட்ட சட்டை எழுந்தது. ஆறுமுகம் அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "சங்கரன்கோவில்! எங்க ஊரு சார் அது, எங்க ஊரு!" என்று கத்தினார். அந்தக் கூட்டம் கைதட்டியது. அவர் வெட்கத்தோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் மாமனார் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்று, "எங்கலே, எம் பயல் எங்க?" என்றார்.

போட்டி முடிந்து பெட்டியை அணைத்த பிறகும் மதினி எழுந்திருக்கவில்லை. "அண்ணாச்சி, இதை இன்னொரு மட்டம் போடுவாவளா?" என்று கேட்டாள்.

கமிஷன்கடை அண்ணாச்சி, லாரிக்காரர்களை ஒரு அதட்டலில் நடுங்க வைக்கிறவர், தரையைப் பார்த்துக்கொண்டு, "போடுவான் தாயி. ரெண்டு மட்டம் போட்டவன் மூணாவது போட மாட்டானா?" என்றார்.

மறுநாள் காலையில் சுப்பையா அண்ணாச்சி சுவரில் இருந்த கேள்வியை உள்ளங்கையால் அழித்தார். அதற்குப் பிறகு அவர் அந்தச் சுவரில் எதுவும் எழுதவில்லை. போட்டி இன்னும் கொஞ்ச வாரம் வந்தது. ஏற்கெனவே கேட்ட கேள்விகள்தான், எல்லா விடையும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் மதினி முன்னால் உட்கார்ந்து முகங்களைத் தேடுகிறவரைக்கும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை வாயாடித் தெருவும் கோயிலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அண்ணன் எழுந்து விடை சொன்ன அந்த வாரத்துப் போட்டி மட்டும் திரும்ப வரவேயில்லை. பிறகு போட்டியே நின்றுபோனது.

ஐப்பசியில் மதினிக்கு ஆண் குழந்தை பிறந்தது. சங்கரன் என்று பெயர் வைத்தாள். எந்த நாளை வைத்துத் திதி கொடுப்பது என்று தெரியாததால் காரியம் தள்ளிக்கொண்டே போனது. அவள் பொட்டை அழிக்கவில்லை. முன்னால் நின்று அதை அழி என்று சொல்கிற தைரியம் எங்கள் தெருவில் எந்தப் பெரிய மனுஷிக்கும் வரவில்லை. தறிக்காரர்களுக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்துப் பிள்ளையை வளர்த்தாள்.

இப்போது நானே பேத்தி எடுத்துவிட்டேன். கமிஷன்கடை வீடு இருந்த இடத்தில் செல்போன் கடையும் நகை அடகுக்கடையும் வந்துவிட்டன. சுப்பையா அண்ணாச்சி, தேவசகாயம் அண்ணாச்சி, அந்த முற்றத்தில் உட்கார்ந்த பெரியவர்கள் யாரும் இல்லை. என் பேத்தியும் ஏதோ கேள்வி பதில் நிகழ்ச்சி பார்க்கிறாள், கையகலப் போனில், காதில் குழாயை மாட்டிக்கொண்டு. அவளும் அவள் சேக்காளிகளும் விடையை ஆளுக்கொரு வீட்டில் இருந்துகொண்டு எழுத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

போன வருஷம் செல்லத்தாய் மதினி போய்ச் சேர்ந்தாள், நெற்றியில் குங்குமத்தோடு. சங்கரன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கப் போனான். அம்மா படத்துக்குப் பக்கத்தில் அப்பா படமும் வைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கோயிலில் தாலி கட்டிய கல்யாணம், போட்டோ எடுக்கவில்லை. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த ஒரே படமும் அவரோடு போயிற்று. போஸ்டர் அடிக்கிறவர், அடையாளம் சொன்னால் கம்ப்யூட்டரே முகம் செய்து கொடுத்துவிடும் என்றாராம்.

சங்கரன் என்னிடம் வந்தான். "அத்தை, அப்பாவைப் பாத்ததுல இப்ப நம்ம தெருவுல நீங்க ஒரு ஆளுதான் இருக்கிய. மூக்கு எப்பிடி இருக்கும்? மீசை உண்டா?"

கட்டம் போட்ட சட்டை என்றேன். மூன்றாவது வரிசை என்றேன். இரண்டு கையையும் எப்படித் தூக்கினார் என்று தூக்கிக் காட்டினேன். அந்தக் குரலைக்கூட என்னால் சொல்ல முடிந்தது. "முகம், அத்தை?" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். கண்ணை மூடிப் பார்த்தேன். அன்றைக்குக் கேட்ட ஒவ்வொரு கேள்வியும், அதன் மூன்று குறிப்பும், விடையும் வரிசையாக வந்து நின்றன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம்தான் இருந்தது.

போஸ்டரில் மதினி படத்துக்குப் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு போட்டு, கீழே ஆறுமுகம் என்று எழுதியிருந்தார்கள்.