தோளை நினைப்பதா, மறப்பதா?

வீடு வீடாகப் போய்த் திரைச்சீலை மாட்டுவது அவர் தொழில். ஏணியில் ஏறி, தலைக்கு மேல் கையை நீட்டி, சுவரில் துளை போட்டுக் கம்பியைப் பொருத்த வேண்டும். இருபத்தாறு வருடம் அப்படி நீண்ட வலது கை ஒருநாள் காதுக்கு மேல் எழும்ப மறுத்தது. சட்டை போடவே மனைவி கைகொடுக்க வேண்டியதாயிற்று.

"தோள்ல தசையை எலும்போட கட்டுற நார் வீங்கியிருக்கு. ஆபரேஷன் வேண்டாம், மூணு மாசம் பயிற்சி செய்யுங்க" என்றார் மருத்துவர்.

பயிற்சி கொடுத்த அம்மா கண்டிப்பானவர். "கண்ணை மூடிக்குங்க. மனசு பூரா தோள்பட்டையில இருக்கட்டும். எப்படி நகருதுன்னு கவனிங்க." கவனிக்கக் கவனிக்கக் கை மரக்கட்டையானது. பல் தேய்க்கும்போதுகூடத் தோள் நினைவுதான்.

மூன்றாவது வாரம் அந்த அம்மா விடுப்பில் போக, வேறொருவர் வந்தார். சுவரில் சாக்கட்டியால் கோடு கிழித்து, கையில் ஒரு துண்டைக் கொடுத்தார். "தோளை மறந்துடுங்க. துண்டைக் கோடு வரைக்கும் தள்ளுங்க, அவ்வளவுதான்." அன்று கை ஒரு சாண் கூடுதலாக ஏறியது.

திரைக்காரருக்குத் தலை சுற்றியது. அப்படியென்றால் இரண்டு வாரம் பாடுபட்டது வீணா? வீட்டில் மறக்கப் பார்த்தார். மறக்க வேண்டும் என்று நினைத்ததுமே தோள் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஒருத்தர் நினைங்கறாங்க, ஒருத்தர் மறந்துடுங்கறார். நான் என்னதான் பண்றது?"

"என் பிறந்தநாளை மறக்கத் தெரியுது, தோளை மறக்கத் தெரியலையா?" என்றாள் மனைவி.

அந்த அம்மா திரும்பி வந்ததும் திரைக்காரர் நேராகவே கேட்டுவிட்டார். அந்த அம்மா மறைக்காமல் சொன்னார்: "நீங்க கையைத் தூக்குன விதம் தப்பா இருந்துச்சு, அதான் கவனிக்கச் சொன்னேன். சிலருக்குக் கோட்டைப் பார்த்தா சுலபமா வரும். உங்களுக்கு எது சரின்னு உறுதியா எனக்கும் தெரியாது. எதுல வலி கம்மியோ அதைச் செய்யுங்க."

தெரியாது என்று சொல்லும் வைத்தியத்தைத் திரைக்காரர் கண்டதில்லை. கோபம்தான் வந்தது. ஆனாலும் காலையில் கண்ணை மூடியும் மாலையில் கோட்டைப் பார்த்தும் செய்தார். வலி ஒருநாள் குறைந்தது, மறுநாள் காரணமில்லாமல் கூடியது.

ஐந்தாம் மாதம் மறுபடி ஏணி ஏறினார். கை மேலே போனது. முழுதாக அல்ல, வேலைக்குப் போதுமான அளவு.

கடைசியாக மருத்துவரைப் பார்க்கப் போன அன்று, அதே வலியோடு காத்திருந்த முடிதிருத்துபவர் ஆவலாகக் கேட்டார்: "எதை நினைச்சு நீங்க கையைத் தூக்கினீங்க?"

திரைக்காரர் கையை ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொண்டார். "தெரியலைங்க. நடுவுல ஒருநாள்கூட விடல. அது மட்டும் நிச்சயம்."

முடிதிருத்துபவர் ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்தார், இடது கையால்.