மூன்று மட்டைகளும் ஒரே எடை

பிலோமின்ராஜ் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு வைக்க இடம் கிடைப்பது அபூர்வம். நகைக்கடைகளில் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு, நீள ஸ்கேல், உச்சியைக் கூராகச் சீவிய ஒரு மரக்கட்டை, ஈய டேப் சுருள், கத்தரிக்கோல் என்று ஒரு பட்டறையே அதன்மேல் குடியிருக்கும். பாலக்கரையில் அவர் தெருமுனையில் நின்று கேட்டால், "டென்னிஸ் ராக்கெட் எடை போடுறவர் வீடுதானே?" என்று வழிகாட்டுவார்கள். அவர் எங்கள் கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர் என்பது அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் அதே கல்லூரியின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பெயர் பீமராவ். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து போகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிலோமினோடு ஜோடி சேர்ந்து டென்னிஸ் ஆடி, அவரையும் தோற்க வைப்பேன். அவருடைய மகள் ஆன்சியின் வலது கைக்கு ஒரு கேடு வந்துகொண்டிருப்பதை அந்த மேஜையருகே உட்கார்ந்துதான் பார்த்தேன்.

பிலோமின் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். குடிக்க மாட்டார், ஞாயிறு பூசை தவற விடமாட்டார், மகள் என்றால் உயிர். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவரின் பிள்ளை. ஜோடியாக இருக்கும் எதிலும் ஒரு மயிரிழை வேறுபாடு இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஜன்னல் திரை ஒரு பக்கம் இறங்கியிருந்தால் விருந்தாளி வீட்டிலும் எழுந்து போய்ச் சரிசெய்வார். "நல்லவேளை, எங்களுக்கு ரெண்டாவது குழந்தை பிறக்கல சார். பிறந்திருந்தா அதையும் தராசுல ஏத்தியிருப்பாரு" என்பாள் அவர் மனைவி லிசி.

ஆன்சி பள்ளிக்காக டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தபோது அவளுக்கு இரண்டாவது மட்டை வாங்கினார்கள். முதல் மட்டையின் அதே கம்பெனி, அதே மாடல், அதே சாயம். கையில் எடுத்ததும், "இது வேற மாதிரி இருக்குப்பா" என்றாள். கடைக்காரர் சிரித்தார். பிலோமின் சிரிக்கவில்லை. மறுநாள் இரண்டையும் ஆய்வகத் தராசில் வைத்துப் பார்த்தபோது ஒன்பது கிராம் வித்தியாசம் இருந்தது. மரக்கட்டையின் உச்சியில் படுக்கவைத்தால் ஒன்று ஓரிடத்தில் சமமாக நின்றது. மற்றது அங்கே நிற்காமல் தலைப்பக்கம் சாய்ந்தது. தொழிற்சாலையில் இப்படி முன்பின் இருப்பது சகஜம்தானாம். பெரிய ஆட்டக்காரர்கள் ஈய டேப்பை ஒட்டி எல்லா மட்டைகளையும் ஒன்றாக்கிக்கொள்வார்கள் என்று தெரிந்துகொண்டு, டேப் வரவழைத்து, வளையத்திலும் பிடியிலும் துண்டு துண்டாக ஒட்டிப் பழகினார். பிறகு ஊரில் மட்டை வைத்திருக்கும் அத்தனை பேரும் அவரைத் தேடி வந்தார்கள்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. மட்டையின் எடையைக் கூட்டலாம், குறைக்க முடியாது; சட்டத்தைச் சீவினால் உடைந்துபோகும். ஆகவே இருப்பதில் எது கனமோ, மற்றவை எல்லாம் அதன் எடைக்கு ஏற வேண்டும். ஆன்சியிடம் மூன்று மட்டைகள் ஆயின. ஒன்று விரிசல் விட்டது. பதிலுக்கு வந்தது இன்னும் கனம். பழையவை இரண்டும் ஏறின. அடுத்த வருஷம் இன்னொன்று உடைந்து, வந்தது அதைவிடக் கனம். மறுபடி ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் வித்தியாசம் பூஜ்யம் என்று காட்டியதும் பிலோமின் திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொள்வார். மொத்த எடை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர்களுக்குப் பிரியாணி, எனக்குத் தனியாகத் தயிர்சாதமும் ஊரைக் கூட்டும் கேலியும். ஆன்சி கல்லூரியில் இரண்டாம் வருஷம் முடிக்கிற சமயம். ஆடி மாதம் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு ஆட்டம் இருந்தது. எனக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள் ஜக்கை இடது கையால் தூக்கினாள். வலது கை துப்பட்டாவுக்குள் இருந்தது.

"கையில என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அங்கிள். கொஞ்சம் சுளுக்கு." பிறகு அப்பாவைப் பார்க்காமலே சொன்னாள்: "ராக்கெட்டு இப்பல்லாம் கனமா இருக்குப்பா."

பிலோமின் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து மூன்று மட்டைகளையும் வரிசையாகத் தராசில் வைத்தார். கட்டையில் படுக்கவைத்துப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது.

"சரியாத்தாம்மா இருக்கு. மூணும் ஒண்ணு."

"அவ கனமா இருக்குன்னு சொல்றா பிலோமின். வித்தியாசமா இருக்குன்னு சொல்லல" என்றேன்.

"ராவ், இது புத்தகம் அடுக்குற வேலை இல்ல. பழக்கப்பட்ட எடையை மாத்தினா அடி தப்பும். தேர்வு முடியட்டும்."

ஆன்சி, "ஆமா அங்கிள், தேர்வு முடியட்டும்" என்று அவசரமாகச் சொன்னாள். கை வலி என்று வாய்விட்டுச் சொன்னால் ஆட்டமே நின்றுவிடும் என்ற பயம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. லிசி என்னைப் பார்த்தாள். நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

கத்திரி வெயில் நாட்களில் ஒருநாள் பிலோமின் நூலகத்துக்கு வந்தார். "ஒரு ராக்கெட்ல டேப் பிச்சுக்கிட்டு வந்துடுச்சு ராவ். ஸ்கூட்டர்ல வெயில்ல வெச்சதுல பசை இளகியிருக்கும்போல. ஒட்டிட்டேன்." அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்து மூன்றாவது தடவையாக வந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மூணும் ஒரே பையிலதானே இருக்கு? ஒண்ணுல மட்டும் எப்படிப் பிய்யும்?"

"அந்த டேப் மட்டம்."

"மூணுக்கும் ஒரே சுருள்லதானே ஒட்டினீங்க? உங்க பொண்ணுதான் பிய்க்கிறா. கை தாங்கல, பிய்க்கிறா. போய்க் கேளுங்க."

அவர் முகம் சிவந்தது. "என் பொண்ணு என்கிட்ட மறைக்க மாட்டா. உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு சந்தேகம்" என்றார். அன்று சாயங்காலமே, காய்ந்தால் கல்லாகிவிடும் பசை ஒன்றை வாங்கிப்போய், ஈயத்தை மூன்றிலும் அழுத்தி ஒட்டி, மேலே துணி டேப்பும் சுற்றிவிட்டார் என்று லிசி போனில் சொன்னாள். "இவ அதைப் பார்த்துக்கிட்டே நின்னா சார். நான் கேட்டாலும் ஒண்ணுமில்லம்மாங்கிறா."

அதற்குப் பிறகு எந்த மட்டையிலும் டேப் பிய்யவில்லை. பிலோமின் அதைப் பசையின் வெற்றியாக எடுத்துக்கொண்டு என்னிடம் பெருமையடித்தார். எனக்கு அவரைக் கன்னத்தில் அறையலாம்போல இருந்தது.

தேர்வு ஆட்டம் கே.கே. நகர் பக்கம் ஒரு மைதானத்தில். ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். ஆன்சி முதல் செட்டை ஜெயித்தாள். பிலோமின் என் முழங்காலைத் தட்டினார். ஆனால் ஒவ்வொரு பந்து முடிந்ததும் அவள் மட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைத் தொங்கவிட்டபடி நடந்தாள். இரண்டாவது செட்டின் நடுவில் பையிடம் வந்து கையிலிருந்ததை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். ஒரு வீச்சு வீசிப் பார்த்தாள். அதையும் வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்தாள். அதைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் குனிந்தே நின்றாள்.

"எதை எடுத்தாலும் ஒண்ணுதான் ராவ். அவளுக்கு யோசனையே வேணாம்" என்றார் பிலோமின்.

சர்வ் போடப் பந்தை மேலே எறிந்தாள். மட்டை பந்தில் பட்ட சத்தம் கேட்டது. கூடவே அவள் குரல். மட்டை வலைப்பக்கம் போய் விழுந்தது. ஆன்சி வலது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். பிலோமின் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் எதையும் சுற்றி வளைக்கவில்லை. மணிக்கட்டுத் தசைநார் ஒரே நாளில் கிழிந்ததல்ல, மாதக்கணக்காக நைந்து வந்து இன்று அறுந்திருக்கிறது என்றார். ஆபரேஷன் செய்தால் எழுதலாம், சமைக்கலாம், வண்டி ஓட்டலாம். ராக்கெட் பிடிப்பதை மறந்துவிடச் சொன்னார். இவ்வளவு வலியோடு இந்தப் பெண் எப்படி ஆடினாள் என்று எங்களைக் கேட்டார்.

டாக்டர் போனபின் பிலோமின் கட்டிலருகே போய் நின்றார். பெற்ற மனம், குற்றத்தை இறக்கி வைக்க ஓர் இடம் தேடியது.

"ராக்கெட்ல ஏதாச்சும் கோளாறாம்மா? அந்த மூணாவது, வேற மாதிரி இருந்துச்சா?"

ஆன்சி அழவில்லை. அப்பாவைத் தேற்றுகிற மாதிரிதான் பேசினாள். "இல்லப்பா. மூணும் ஒண்ணாத்தான் இருந்துச்சு."

"பின்ன ஏம்மா மாத்தி மாத்தி எடுத்த?"

"மூணுல ஒண்ணாச்சும் கொஞ்சம் கம்மியா வலிக்காதான்னு பார்த்தேன்ப்பா. அதுக்குத்தான் டேப்பைப் பிச்சுப் பிச்சு வெச்சேன். நீங்க விடவே இல்ல."

கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த லிசி எழுந்து வெளியே போய்விட்டாள்.