பூட்டு வந்த வீட்டு வாசலில்

இன்று காலை எங்கள் மலைத் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளில் ஒன்றைப் பூட்ட, ஆபீஸ் கணக்கு பார்க்கும் கிராணி வந்துவிட்டார்.

போன மாதம் நோயில் இறந்துபோன லோரி டிரைவர் சேவியருக்கு எஸ்டேட் கொடுத்திருந்த வீடு அது. உள்ளே அவர் மனைவி ரோசியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். வீடில்லாத பிள்ளைகளுக்காகப் பேசும் எங்கள் சிறு குழுவை ரோசி போனில் கூப்பிட்டதால் நான் ஓடினேன்.

"வேலைக்காரன் இல்லன்னா வீடும் இல்ல. அதான் ரூல் லா, நான் என்னா செய்ய?" என்றார் கிராணி.

"பிள்ளைங்க எங்கய்யா படுக்கும்? திரிங்காப் டவுன்ல காய்கறிக் கொட்டகையிலயா?" என்று கேட்டேன்.

"அத வெல்ஃபேர் ஆபீஸ்ல போய்க் கேளும்மா."

அவர் பூட்டை எடுத்தார். வேறு வழி தெரியாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கொழுந்து வெட்டப் புறப்பட்ட பக்கத்து வீட்டு அக்காக்களும் ஒவ்வொருவராக வந்து என்னருகே உட்கார்ந்தார்கள்.

கிராணி மேனேஜருக்குப் போன் அடித்தார். நெடுநேரம் "யெஸ் சார்" மட்டும்தான் கேட்டது. பிறகு, "ஸ்கூல் லீவு வரைக்கும் இருக்கட்டுமாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் ரோசிக்கு வேறு வீடு வேண்டும். பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் விசாரித்தால், எல்லாரும் முதலில் "பிள்ளைங்க இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். இருக்கிறார்கள் என்றதும் வீடு காணாமல் போகிறது.

பிள்ளைகளுக்குப் பயப்படாத வீட்டுக்காரர் யாராவது இந்த மலையில் இருந்தால் சொல்லுங்களேன்.