இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளி

லேபர் வார்டு வாசலில் ஒரு குடும்பமே என்னைச் சுற்றி நின்று, இரண்டு பொட்டலங்களை நீட்டி, "ஒண்ண எடுங்க ஆயாம்மா" என்றது.

திண்டுக்கல்லில் ஒரு நர்சிங் ஹோமில் எனக்கு ஆயா வேலை. தரை துடைப்பேன், வெந்நீர் வைப்பேன், வலி வந்தவர்களை நடக்க வைப்பேன். டாக்டரம்மா எது சொன்னாலும் "சரிங்கம்மா" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது.

அகரத்துச் செல்விக்கு அது தலைப்பிரசவம். "எல்லாம் சரியா இருக்கு, நார்மலுக்குப் பாக்கலாம். அவளுக்கு எது சம்மதம்னு கேட்டுச் சொல்லுங்க" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். ஜோசியர் குறித்த நேரத்துக்கு ஆபரேஷன் என்றார் மாமியார். சுகப்பிரசவம்தான் என்றார் செல்வியின் அம்மா. முடிவாகாமல் சாமியிடம் பூக்கேட்க இறங்கிவிட்டார்கள். வெள்ளை வந்தால் சுகப்பிரசவம், சிவப்பு வந்தால் ஆபரேஷன். பொட்டலம் கட்டியது மாமியார்; எடுக்கப் பொது ஆள் நான்.

எடுத்தேன். சிவப்பு அரளி.

"அந்தப் பொட்டலத்தையும் பிரிங்க சம்பந்தி" என்றார் செல்வியின் அம்மா. அதிலும் சிவப்பு.

"சாமியவே ஏமாத்துறீகளே!"

அடுத்துச் செல்வியின் அம்மாவே கட்டிக் கொடுத்தார். எடுத்தேன். வெள்ளை. மாமியார் மற்றதைப் பிடுங்கிப் பிரித்தார். அதிலும் வெள்ளை.

"நீங்க மட்டும் யோக்கியமாக்கும்?"

கடைசியில், பூசாரி கையால் கட்டி வாங்கிவரச் செல்வியின் புருஷனைக் கோயிலுக்கு விரட்டினார்கள்.

செல்வி உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள். "படுத்தா உசுரு போகுது ஆயாம்மா. நின்னா, நடந்தா தேவலையா இருக்கு. நானே பெத்துக்கிறேன். என்னைய ஒருத்தரும் கேக்கலையே."

டாக்டரம்மா ரூமில் போய் நின்றேன். "என்ன?" என்றார். "சரிங்கம்மா" என்றுதான் முதலில் வந்தது. அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா வந்து செல்வியிடமே கேட்டார்.

"முடியலைன்னா நீங்க சொல்லுங்க டாக்டர், ஆபரேஷனுக்கு வாரேன். பூ சொல்ல வேணாம்."

டாக்டரம்மா அடிக்கடி குழந்தையின் துடிப்பைப் பார்த்துக்கொள்ள, செல்வி என் தோளைப் பிடித்து நடந்துகொண்டே இருந்தாள். மூன்றரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

நாலரைக்குப் புருஷன் ஓடி வந்தான். மதியம் கோயில் நடை சாத்திவிட்டார்களாம். "எடுங்க ஆயாம்மா!"

"பொம்பளப் புள்ள தம்பி. ரெண்டு பேரும் நல்லாருக்காக."

"இருக்கட்டும், கட்டுனதை எடுத்துருங்க" என்றார் மாமியார், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டே.

எடுத்தேன். சிவப்பு.

மாமியார் பூவைத் திரும்பப் பொட்டலம் கட்டினார். "இது அடுத்த புள்ளைக்கு."

"அதையும் என்னையத்தான் கேக்கணும் அத்தை!" என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

அன்றிலிருந்து வலியோடு வருகிறவளிடம், "உனக்கு எப்படி இருந்தா தேவலை தாயி?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன். அவள் சொன்னதை டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லியும் விடுகிறேன். முதல் வார்த்தை மட்டும் இன்னும் "சரிங்கம்மா" என்றுதான் வருகிறது.