மூன்று தடவை அழுத்திய பொத்தான்

நூம்பலில் தகரக் கூரை போட்ட ஷெட்டில் எங்கள் சபை கூடும். பதினோரு வருடமாக அங்கே கீபோர்டு வாசிப்பவனும் நான்தான், பாடுகிறவனும் நான்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வாரத்துக்கு ஆறு நாள் இரும்போடு மல்லுக்கட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நானும் ஒரு ஆள். அதில் ஒருத்தி வந்து மண்ணை அள்ளிப் போட்டாள்.

குத்தம்பாக்கத்துக்காரி. அவள் அம்மா கழனியில் நாற்று நட்டவள். இவளுக்குத் திருமழிசையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. வந்த முதல் வாரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து கூடப் பாடினாள். மைக்கில் பாடுகிறவன் நான். ஜனமோ பின்னால் திரும்பித் திரும்பி அவளைப் பார்க்கிறது! எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த மாதமே பாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிரதர், இனிமே பாட்ட அந்த சிஸ்டர் பாத்துக்கட்டும். ஆண்டவர் உங்களுக்குக் குடுத்த தாலந்து கையில கீது. நீங்க வாசிங்க, போதும்."

வீட்டில் மனைவி கேட்டாள்: "இன்னாயா, மூஞ்சத் தூக்கி வெச்சினு கீற? அந்தப் பொண்ணு நல்லாத்தான பாடுது?"

"அப்போ நான் பாடுனது?"

தோசையைத் திருப்பிப் போட்டாள். "நீ நல்லா வாசிப்பய்யா."

கட்டினவளே இப்படி! பதினோரு வருடம் தொண்டை கிழியப் பாடியிருக்கிறேன், ஒருத்தராவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குத் தனிப்பாட்டும் அவளுக்கே போனது. அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் அதைச் செய்தேன். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் விரல்கள் பழைய கட்டைகளிலேயே ஓடும், சுருதி மட்டும் ஒரு அழுத்தலுக்கு ஒரு படி மேலே ஏறிவிடும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது மூன்று தடவை அழுத்தினேன்.

அவள் என் சுருதியை நம்பித்தான் பாட்டை எடுத்தாள். பல்லவி எப்படியோ தாண்டியது. சரணத்தில் மேலே போகிற இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி முயன்றாள், மறுபடி உடைந்தது. மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அடுத்த ஞாயிறு, ஆண்டவர் செய்ததை அவரவர் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் அவள் எழுந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"எனக்குப் படிப்பு வர்ல. பாட மட்டும்தான் வரும். அதுவும் போய்டுச்சு போலக் கீது. கிறிஸ்துமஸ்க்கு வேற யாரையாச்சும் பாடச் சொல்லுங்க ஐயா. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

சபையில் யாராவது அப்படிக் கேட்டால் எல்லோரும் அவர் பக்கம் கையை நீட்டுவோம், ஒருவர் சத்தமாக ஜெபிப்பார். பாஸ்டர் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரதர், நீங்க பண்ணுங்க. அவங்க பாட்டுக்கு நீங்கதான வாசிக்கிறீங்க" என்றார்.

என்னத்தைச் சொல்வேன்? 'ஆண்டவரே, இந்தத் தொண்டையைத் தொடும்' என்றேன். அவர் தொட என்ன இருக்கிறது, தொட்டவன் நானாயிற்றே! அழுகை வந்துவிட்டது. ஜனமும் சேர்ந்து அழுதது, ஆமென் என்றது. ஜெபம் முடிந்ததும் போய், அன்றும் ஏற்றி வைத்திருந்த சுருதியைப் பழையபடி இறக்கி வைத்தேன். 'ஒரு தரம் பாடிப் பாரும்மா' என்று பாஸ்டர் சொல்ல, அவள் பாடினாள். அப்பா, என்ன குரல்! அப்போதும் எனக்கு எரிந்தது.

கிறிஸ்துமஸ் அன்று மைக்கைப் பிடித்ததும் முதலில் என்னைக் காட்டினாள். "இந்த அண்ணன் அழுது ஜெபம் பண்ணாரு, என் தொண்ட தொறந்துச்சு." ஷெட்டே கைதட்டியது.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் யாராவது வருகிறார்கள். தொண்டை கட்டிய டீச்சர், இருமல் நிற்காத ஆட்டோக்காரர். வானகரத்திலிருந்து ஒரு தாய், டான்சில் வீங்கிய மகளைத் தூக்கிக்கொண்டு. நானும் கழுத்தில் கை வைத்து ஜெபிக்கிறேன். உண்மையைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

போன ஞாயிறு நான் கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாசிக்கிற வரம், ஜெபம் பண்ற வரம், எல்லாமே உங்களுக்குக் குடுத்துக்கீறாரு ஆண்டவரு. உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா கீதுண்ணே" என்றாள்.